விலா எலும்பு தெரிந்தால் தப்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில் பஞ்சாயத்து. வாதி என் சகலை. பிரதிவாதி நான். வழக்கு... எங்கள் நாய் சிட்டு.

சிட்டு கன்னி இனம். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்து வேட்டை நாய். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, ஒட்டிய வயிறு, நீளக் கால்கள். முயல் துரத்திய வம்சம். இப்போது வேட்டைக்குத் தடை. முயல்களுக்கு நிம்மதி. ஆனால் சட்டம் வந்தது சிட்டுவின் கண்ணுக்குத் தெரியுமா? தூரத்தில் ஏதாவது அசைந்தாலே பாய்ந்துவிடும். சிமென்ட் லாரி ஓடும் அரியலூரில் கயிறில்லாமல் ரோட்டுக்குக் கூட்டிப் போகவே முடியாது.

இதைக் கொடுத்தவர் தா.பழூரில் நெல் விவசாயம் பார்க்கும் என் சகலை. கன்னிக் குட்டியை அவர் விற்க மாட்டார். வாக்கு வாங்கிக்கொண்டு சும்மா கொடுப்பார். நன்றாக வைத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்ப வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கன்னி வளர்ப்பவர்கள் பலரிடம் உள்ள பழக்கம் இது. நான் யோசிக்காமல் வாக்குக் கொடுத்தேன். நாய் வளர்ப்பது என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு!

பிரச்னை விலா எலும்பில் ஆரம்பித்தது. இந்த இனத்துக்கு இரண்டு மூன்று எலும்பு வெளியே தெரிய வேண்டும் — அதுதான் ஆரோக்கியம். தெருவில் யார் நம்புகிறார்கள்?

"ஏன் தம்பி, வாயில்லா ஜீவனை இப்படிக் காயப் போடுறீங்க? நீங்க மட்டும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார் எதிர் வீட்டு மல்லிகா அக்கா, என் தொப்பையைப் பார்த்தபடி. அங்கன்வாடியில் ஆயுசெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ரிட்டயர் ஆனவர் அவர்.

நானும் அளந்துதான் வைத்தேன். கம்பங்கூழ், முட்டை, எப்போதாவது கறி. ஆனால் சிட்டு பெருத்தது. அளவைக் குறைத்தேன். இன்னும் பெருத்தது! காற்றைக் குடித்தா குண்டாகிறது என்று மனைவி சுமதியும் நானும் குழம்பிப்போனோம்.

அப்போதுதான் சொல்லாமல் கொள்ளாமல் சகலை வந்து இறங்கினார். என்னை விசாரிக்கவில்லை. நேராகச் சிட்டுவின் விலாவைத் தடவினார்.

"எங்க சகலை, எலும்பையே காணோம்?"

ஏரிக்குக் கூட்டிப் போனோம். தண்ணீர் வற்றிய தரை. கயிற்றை அவிழ்த்தார். அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய நாய், பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. சகலை கயிற்றை மறுபடி கட்டினார். வீட்டுக்கு வந்ததும் தன் மினி வேனின் பின்கதவைத் திறந்தார்.

நான் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கன்னிக்குச் சதையில்லாத உடம்பு, வெறுந்தரையில் படுத்தால் முட்டி புண்ணாகும் என்று ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, என் கட்டில் பக்கத்திலேயே படுக்க வைத்திருக்கிறேன். அந்த இடம் இன்று காலியா? சுமதி சமையலறைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை.

வேனைப் பார்த்துத் தெரு கூடிவிட்டது. உண்மைகளும் வெளியே வந்தன. நாங்கள் ஆபீஸ் போனதும் கேட் கம்பி வழியாக ஒரு வீட்டிலிருந்து இட்லி, இன்னொரு வீட்டிலிருந்து பிஸ்கட், மல்லிகா அக்காவிடமிருந்து தயிர்சாதம்!

"இனிமே ஒரு பருக்கை போட மாட்டோம்னு எல்லாரும் வாக்குக் குடுங்க. வுட்டுட்டுப் போறேன்" என்றார் சகலை.

"குடுத்தோம், குடுத்தோம்" என்றது தெரு.

மல்லிகா அக்கா குரல் மட்டும் அதில் இல்லை. சகலை அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்கக்கா?"

"என்னால முடியாது தம்பி. அது கம்பிக்கிட்ட வந்து நின்னு மூஞ்சியப் பாத்துச்சுன்னா என் கை சும்மா இருக்காது. காப்பாத்த முடியாத வாக்கை எப்படிக் குடுக்கறது? நீங்க ஓட்டிட்டே போயிடுங்க." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

 ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன இந்த அக்காவுக்கு?

 சகலை வேன் கதவைச் சாத்தினார்.

"சகலை யோசிக்காம வாக்குக் குடுத்தாரு, நாயி இந்தக் கதில நிக்குது. நீங்கதான் யோசிச்சுப் பேசுறீங்க. இனிமே நீங்களே போடுங்க. வேற யாரும் போடக் கூடாது. ஆனா நான் சொல்றதைத்தான் போடணும். வேக வச்ச எலும்பு மட்டும் ஆகாது, தொண்டைல குத்திப்புடும். சகலை ஏரில ஓட விட்டுக் கூட்டிட்டு வரணும், மூச்சு அடங்குன பொறவு வைக்கணும். ஓடலைன்னா சோறு கிடையாது. இதுக்கு வாக்குக் குடுப்பீங்களா?"

அக்கா நிஜமாகவே யோசித்தார். "குடுக்கறேன்" என்றார்.

நம் ஊரில் அன்பு என்றால் சோறுதான். வந்தவரைச் 'சாப்டீங்களா' என்று கேட்காமல் நமக்குப் பேச்சே ஆரம்பிக்காது. போதும் என்றாலும் இன்னொரு கரண்டி போட்டால்தான் திருப்தி. அளந்து போடுவதும் அன்பில் சேர்த்தி என்பதை ஏற்றுக்கொள்ள மனசு வரமாட்டேன் என்கிறது, இல்லையா?

இப்போது தினமும் காலையில் ஏரிக்கரையிலிருந்து திரும்பும்போது அக்கா பாத்திரத்தோடு வாசலில் நிற்கிறார். சிட்டுவை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"நாக்கே தொங்கலையே தம்பி... இன்னொரு சுத்து போயிட்டு வாங்க."

சிட்டுவுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் நாக்கு தொங்குகிறது!

சிட்டுவின் விலா எலும்பு மறுபடி எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சகலை போன் செய்து அதை நலம் விசாரிக்கிறார். என்னிடம் இல்லை... எதிர் வீட்டில்.