சாம்பல் தொட்டுப் பிணைத்த ஒயர்

1. செவ்வாய்க்கிழமைப் புகை

"குப்புசாமி, சைக்கிள எடு. கொட்டாய்ல புகையுது!"

தேவராஜ ஆசாரி கடை வாசலில் வந்து நின்று இப்படிக் கத்தியபோது நான் ஒரு லாரி பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் பேட்டரி சார்ஜ், டைனமோ, செல்ஃப் மோட்டார் ரிப்பேர் செய்யும் கடை. எனக்கு அங்கே ஆறாவது வருஷம். முதலாளி கன்னியப்பன் மகள் நிச்சயதார்த்தத்துக்காக ஆற்காடு போயிருந்தார். கடை என் பொறுப்பில். எனக்குத் தெரியாத கரண்ட் வேலை இந்த ஊரில் கிடையாது என்று அந்த வயதில் எனக்கொரு நினைப்பு. முக்கால்வாசி உண்மையும்கூட.

"நெருப்பா, வெறும் புகையா?"

"புகைதான். பேட்டரி ஒயர புடுங்கிப் போட்டுட்டு வந்துட்டேன். சனிக்கிழமை நாடா குடுக்கணும்பா. இருபது நாடா ஓட்டை போடாம கெடக்குது. நீ வா மொதல்ல."

புகை பெரிய விஷயமில்லை, சனிக்கிழமைதான் பெரிய விஷயம் என்பது எனக்கும் தெரியும். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

2. கரண்ட் இல்லாத அரைக் காணி

ஆசாரி தறிக்கு வேண்டிய மரச்சாமான்கள் செய்கிறவர். நாடாவில் கைதேர்ந்தவர். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்கு நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் மரத்துண்டுதான் நாடா. அதில் போடும் ஓட்டை பிசிறில்லாமல் இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் பட்டு மாட்டி அறுந்துவிடும். நெசவாளர் தெருவில் அவர் குடியிருந்தவரை தினம் ஒரு சண்டை. மரத்தூள் பறந்து வந்து பட்டில் உட்காருகிறது என்பார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் ஏனாத்தூர்ப் பக்கம் மனைவிக்கு வந்த அரைக் காணித் தோட்டத்துக்கே குடிபோய்விட்டார். மனைவி பட்டம்மா மல்லியும் கனகாம்பரமும் போட்டார். ஆசாரி தென்னங்கீற்றில் கொட்டகை போட்டுத் தொழிலைத் தொடங்கினார்.

அடுத்த மழைக்காலத்தில் மாமரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு சேர்ந்தது. கை டிரில்லைச் சுற்றும் வலு மட்டும் திரும்பவில்லை. கரண்ட் டிரில் வாங்கலாம் என்றால் தோட்டத்துக்கு லைன் கிடையாது. கம்பம் நட்டு இழுக்க எத்தனை வருஷம் ஆகுமோ, சொல்ல ஆளில்லை.

"மிஷின்ல ஓட்டை போட முடிஞ்சா நான் ஆசாரி. இல்லாங்காட்டி பூ கட்டிக்கினு உக்கார வேண்டியதுதான்" என்று ஒருநாள் கடையில் வந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலாளி கையை விரித்துவிட்டார். "டிரில்லு எரநூத்தி முப்பது வோல்ட்டு, பேட்டரி பன்னெண்டு. அனுப்பி வைடா அவர."

நான் அனுப்பவில்லை. டைனமோவைச் சுற்றினால் கரண்ட் வரும். அதே டைனமோவுக்குக் கரண்ட் கொடுத்தால் அது சுற்றும். பழைய கார் டைனமோ இரண்டு வாங்கினேன். ஒன்றைக் கிணற்றுமேட்டில் ஆயில் இன்ஜினோடு பெல்ட் போட்டு மாட்டினேன். இன்னொன்றின் முனையில் டிரில் பிட்டைக் கவ்வும் 'சக்'கைப் பொருத்திக் கொட்டகையில் பலகை மேல் இறுக்கினேன். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் நேரத்தில் முதல் டைனமோ லாரி பேட்டரியை சார்ஜ் செய்யும். மற்ற நேரத்தில் பேட்டரி இரண்டாவது டைனமோவைச் சுற்றி ஓட்டை போடும். அவ்வளவுதான் வித்தை.

முதல் நாள் சொதப்பினேன். பேட்டரியைக் கிணற்றடியிலேயே வைத்து, வீட்டு வயரிங் ஒயரைக் கொட்டகை வரைக்கும் இழுத்திருந்தேன். டிரில் ஆட்டுக்கல் மாதிரி சுற்றியது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு அந்த மெல்லிய ஒயரும் அவ்வளவு தூரமும் ஆகாது. பேட்டரியை டிரில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். கிணற்றிலிருந்து பேட்டரிக்கு, வெல்டிங் மிஷினின் பழைய தடித்த கேபிள் இரண்டைப் பக்கம் பக்கமாக இழுத்தேன். அன்று ஆசாரி முதல் ஓட்டை போட்ட நாடாவை வெயிலில் தூக்கிப் பிடித்து அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணை இன்னும் மறக்கவில்லை.

நெசவாளர் சொசைட்டியிலிருந்து நாடா ஆர்டர் வந்தது. சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் வேறு ஊர் ஆசாரிக்கு என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்.

3. அந்த ஜாயிண்ட்

புகை வந்த இடம் பேட்டரி இல்லை. கொட்டகைக்குச் சற்று முன்னால், கேபிள் மல்லிப் பாத்தியைத் தாண்டும் இடம். மேலே இருந்த ரப்பர் கருகி, கீற்றுத் தடுப்பும் ஒரு முழம் எரிந்திருந்தது. கருகலைப் பிரித்தேன். உள்ளே ஒரு ஜாயிண்ட்.

வெல்டிங் கேபிளுக்குள் தலைமயிர் போலச் செம்பு இழைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு இழையையும் எதிரே இருந்த ஒவ்வொரு இழையோடு தனித்தனியாக முறுக்கியிருந்தது. இரண்டு கேபிளிலும். இரண்டும் ஒரே இடத்தில், கோடு போட்ட மாதிரி. மேலே பஞ்சு நூல் சுற்றி மெழுகு பூசியிருந்தது. தொட்டால் விரலில் சாம்பல் ஒட்டியது.

"யாரு பண்ணது இது?" என்றேன்.

"நான்தாம்பா" என்றார் பட்டம்மா. "பாத்தி கொத்தும்போது மம்முட்டி பட்டு அறுந்துடுச்சி. உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே பிணைச்சிட்டேன். ஒரு மத்தியானம் பூரா ஆச்சி."

நெசவாளர் தெருவில் இருந்த காலத்தில் பட்டம்மா அக்கா பாவு பிணைக்கப் போனவர். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், பழைய பாவின் ஆயிரக்கணக்கான நூல் முனைகளைப் புதுப் பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். பிணைப்பு எல்லாம் ஒரே வரிசையில் வரவேண்டும், அதுதான் அந்த வேலைக்கு அழகு. அந்த அழகைத்தான் என் கேபிளில் செய்திருந்தார். நூலுக்கு அது சரி, கரண்ட்டுக்குச் சரியில்லை. செம்புக்கும் செம்புக்கும் நடுவே சாம்பல் இருந்தால் அங்கே சூடேறும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜாயிண்ட் இருந்தால் சூட்டில் ஒன்றை ஒன்று தொடும். தொட்டது.

பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இன்னாக்கா இது, சேலையா? இது கரண்ட்டு அக்கா! தெரியாத வேலைல எதுக்குக் கை வைக்கறே? கொட்டாயே போயிருக்கும்!"

அவர் மெழுகு ஒட்டியிருந்த நூலை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினார். ஆசாரிதான், "வுடுப்பா, நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சா" என்றார். நான் கேபிளை வெட்டி, இரண்டு ஜாயிண்ட்டையும் ஒரு முழம் தள்ளித் தள்ளிப் போட்டு, ஈயம் வைத்து, டேப் சுற்றிவிட்டுக் கிளம்பினேன்.

4. புதன்கிழமை நிழல்

மறுநாள் விடியற்காலையில் போனேன். அந்த ஷார்ட்டில் டைனமோ பக்கத்தில் இருந்த கட்-அவுட்டின் பாயிண்ட் கருகிப்போயிருந்தது. கட்-அவுட் என்பது சின்னக் கறுப்புப் பெட்டி. டைனமோ ஓடும்போது கரண்ட்டைப் பேட்டரிக்கு விடும். டைனமோ நின்றால், பேட்டரியில் இருக்கும் கரண்ட் திரும்பி வராமல் கதவைச் சாத்தும். பாயிண்ட்டை எமரித் தாளில் தேய்த்துச் சரிசெய்ய அரைமணி நேரம் ஆகும்.

அரைமணி நேரம் எங்கே இருக்கிறது? அது பங்குக் கிணறு. காலையில் ஆசாரி முறை. கிணற்றுமேட்டு வேப்பமர நிழல் ஒரு கல்லைத் தொட்டதும் முறை முடிந்துவிடும். அடுத்த பங்குக்காரர் நாகப்பன் வந்து இன்ஜினை நிறுத்தி, தன் டீசலை ஊற்றி, டைனமோ பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தன் முறைக்கு ஓட்டுவார். ஒரு நிமிஷம் கூடக் கொடுக்கமாட்டார், ஒரு நிமிஷம் கூட எடுக்கவும் மாட்டார். நிழல் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் கட்-அவுட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒயரை டைரக்டாகப் போட்டேன். இன்ஜின் நிற்பதற்கு முன்னால் நானே ஒயரைக் கழற்றிவிடுவேன், இதை யாரிடமும் சொல்வானேன் என்று நினைத்தேன்.

பட்டம்மா அக்கா கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார். முந்தின நாள் அந்தப் பேச்சு பேசியவனுக்கு. கொட்டகையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே ஆசாரியோடு பேச்சில் இருந்துவிட்டேன். இன்ஜின் சத்தம் நின்றது காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. வாடை வந்த பிறகுதான் ஏறியது.

ஓடினேன். இன்ஜின் பெல்ட் பிடித்திருந்ததால் சுற்ற முடியாமல் நின்ற டைனமோவுக்குள் பேட்டரி முழு கரண்ட்டையும் இறக்கிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கினேன். உள்ளே சுழலும் உருளை, பள்ளம் பள்ளமாகச் செம்பு ஒயர் சுற்றியிருக்கும் ஆர்மெச்சூர், கருகி முடிந்திருந்தது. நாகப்பன் ஒன்றும் புரியாமல் டீசல் டப்பாவோடு நின்றார்.

பட்டம்மா அக்கா மூச்சு வாங்க வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நான் போட்ட முடிச்சாலயாப்பா?" என்றார்.

எனக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து டைனமோவைக் கழற்ற ஆரம்பித்தேன்.

5. இருபத்தெட்டு ஸ்லாட்

இறங்கிப்போன பேட்டரியைக் கடையில் சார்ஜ் போடலாம் என்றால் டவுனில் பவர் கட். கடையில் சார்ஜுக்கு நின்ற பேட்டரிகளே வரிசையாக இருந்தன. டிரில்லில் இருந்த டைனமோவில் சக் பற்றவைத்திருந்ததால் அதில் பெல்ட் சக்கரம் ஏறாது, வேறு டைனமோ தேடி மெட்ராஸ் போய்வரவும் நாளில்லை. ஆர்மெச்சூரை மறுபடி சுற்றுவதுதான் வழி. எங்கள் கடையில் ஒயர் சுற்றும் வைண்டிங் முதலாளி வேலை. நான் சுற்றினால் சுருள் உப்பும், அழுத்தினால் ஒயர் மேல் இருக்கும் எனாமல் பூச்சு உரியும். சனிக்கிழமைக்குள் ஒன்றைச் சுற்றி முடிப்பேன் என்று நானே என்னை நம்பவில்லை.

ஒயரும் இன்சுலேஷன் பேப்பரும் கடையிலிருந்து கொண்டுவந்து கொட்டகையில் உட்கார்ந்து முதல் சுருளைச் சுற்றினேன். அவிழ்த்தேன். மறுபடி சுற்றினேன். பட்டம்மா அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு பள்ளத்துல எத்தினி சுத்து?"

சொன்னேன்.

"எந்தப் பள்ளத்துல எறங்கி எந்தப் பள்ளத்துல ஏறணும்?"

சொன்னேன்.

"நவுரு."

ஆர்மெச்சூரில் இருபத்தெட்டு ஸ்லாட், அதாவது பள்ளம். ஒரு சுற்று கூடாமல், ஒரு சுற்று குறையாமல், ஒயர் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் போட்டார். பேசும்போதும் எண்ணிக்கை தவறவில்லை. நான் பேப்பர் வெட்டிக் கொடுத்தேன், கரி அடுப்பில் இரும்பைக் காயவைத்து முனைகளுக்கு ஈயம் வைத்தேன். புதன் மத்தியானம் தொடங்கி வியாழன் மத்தியானம் முடிந்தது. வார்னிஷ் பூசி வெயிலில் வைத்தோம். விரல் நுனியெல்லாம் செம்பு கிழித்திருந்தது. "வலிக்குதாக்கா?" என்றதற்கு, "வலிக்கட்டும். என்னாலதான ஆச்சி" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் கார் பல்பை வைத்து ஆர்மெச்சூரை டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். எல்லா லைனும் சுத்தம். முதலாளி வேலையிலேகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

6. கறுப்புப் பெட்டி

வெள்ளிக்கிழமை விடிந்ததும் டைனமோவை மாட்டினேன். முந்தின ராத்திரியே தேய்த்துச் சரிசெய்திருந்த கட்-அவுட்டையும் மாட்டினேன். பட்டம்மா அக்கா பூக்கூடையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"இந்தக் கறுப்புப் பெட்டி புதன்கெழம இல்லியேப்பா?"

"முன்னாடியே இருந்துச்சேக்கா."

"முன்னாடி இருந்துச்சி, தெரியும். தீஞ்ச அன்னிக்கி இல்ல. இங்கேர்ந்து அங்க ஒரே ஒயரு நேரா போயிக்கினு இருந்துச்சி. நான் பாத்தேன். இது இன்னாத்துக்கு?"

ஆயிரம் நூலில் ஒரு நூல் இடம் மாறினால் கண்டுபிடிக்கிற கண்ணிடம் எதை மறைப்பது? வேறு ஏதாவது சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். ஆனால் கூடையைப் பிடித்திருந்த அந்த விரல்கள் என் முகத்துக்கு நேரே இருந்தன.

"இன்ஜின் நின்னா பேட்டரி கரண்ட்டு டைனமோவுக்குத் திரும்பி வராம இது தடுக்கும். அன்னிக்கி அவசரத்துல இது இல்லாம போட்டவன் நான். ஆர்மெச்சூர் எரிஞ்சது உன் பிணைப்பால இல்லக்கா. என்னால."

கொட்டகையில் இழைப்புளிச் சத்தம் நின்றது. ஆசாரி எட்டிப் பார்த்தார்.   செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஒவ்வொரு பள்ளத்துக்கும் காமாட்சிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கினே சுத்தினேன்பா" என்றார் பட்டம்மா அக்கா. "இருபத்தெட்டு தபா."

அவர் கூடையிலிருந்து ஒரு பந்து மல்லியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இத எடுத்துக்கினு கோயிலுக்குப் போ. நான் கேட்டதெல்லாம் உன் பேர்ல மாத்திடச் சொல்லு."

பெல்ட் ஓடியது. அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்து நின்றது. நிழல் கல்லைத் தொட்டது, நாகப்பன் இன்ஜினை நிறுத்தினார், கட்-அவுட் 'டிக்'கென்று கதவைச் சாத்தியது. சாயங்காலத்துக்குள் இருபது நாடாவும் முடிந்தன. சனிக்கிழமை ஆசாரி அவற்றை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அடுத்த ஆர்டரோடு திரும்பினார்.

முதலாளி ஆற்காட்டிலிருந்து வந்து அந்த ஆர்மெச்சூரைப் பார்த்துவிட்டு, அந்தம்மாவைக் கடைக்கு வேலைக்கு வரச்சொல் என்றார். போய்ச் சொன்னேன். பட்டம்மா அக்கா பூப்பறிப்பதை நிறுத்தாமலே, "எனக்கு இங்க வேல இருக்குதுன்னு சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். எத்தனையோ எரிந்த மோட்டார்கள் கைக்கு வந்தன. புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஏதாவது எரிந்தால், அடுத்தவர் போட்ட ஜாயிண்ட்டைத் தேடுவதற்கு முன்னால் நீ போட்ட ஒயரைப் பார். தப்பு உன்னுடையது என்றால் அங்கேயே, அப்போதே வாயைத் திற. நான் இரண்டு நாள் கழித்துத் திறந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மல்லியோடு காமாட்சி சந்நிதியில் நின்று இருபத்தெட்டு தடவை எண்ணிக் கேட்டேன். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.