கர்ட்டன் அக்காவின் கால்

கர்ட்டன் அக்காவுக்குக் கோபம் வந்தால் மனிதர்கள் தப்பித்துவிடுவார்கள், சாமான்கள்தான் மாட்டிக்கொள்ளும். இந்த முறை மாட்டியது மோட்டார் வைத்த தையல் மெஷின்.

ஜன்னல் திரையும் சோபா உறையும் தைப்பவர் என்பதால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். வீட்டின் முன்னறைதான் கடை. தைத்துக்கொண்டே வாசலில் போகிறவர்களை நலம் விசாரிப்பார், உள்ளே இருக்கும் கணவரை அதட்டுவார். தையல் மட்டும் சாக்பீஸ் கோட்டை விட்டு விலகாது. இப்போது விலகியது. கோடு முடியும் இடத்தில் நிறுத்தினால் மெஷின் நிற்காமல் நாலு விரற்கடை தாண்டி ஓடியது. ஒரு தடவை ஊசி ஆள்காட்டி விரல் நகத்தை உரசிக்கொண்டு இறங்கியபோது அவருக்கு உயிரே போய் வந்தது.

"பேய் புடிச்ச மெஷின்" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் வந்து பெடலுக்குள் இருந்த ஸ்பிரிங்கை மாற்றினார். அப்புறம் ஒயரை மாற்றினார். மறுபடியும் கூப்பிட்டபோது எதையும் கழற்றவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "நீங்க தைங்கக்கா, நான் பாக்கறேன்" என்றார்.

அக்கா தைத்தார். கோடு முடிந்தது. மெஷின் ஓடியது.

"பாத்தியா, பாத்தியா! நான் காலை எடுத்துட்டேன், அது பாட்டுக்கு ஓடுது!"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்கக்கா. கால் இன்னும் பெடல் மேலதான் இருக்கு."

அக்கா குனிந்து பார்த்தார். இருந்தது. தன் கால்தான், ஆனால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது. கையால் அதைப் பிடித்துத் தூக்கித் தரையில் வைத்தார்.

காலில் மரமரப்பு ஒன்றும் புதிதில்லை. சர்க்கரை வந்து வருஷக்கணக்காகிறது. அசதியாக இருந்தால் வயசு, பாதத்தில் எறும்பு ஊர்ந்தால் சர்க்கரை என்று அவரே தீர்ப்பு எழுதிவிடுவார். இப்போதுதான் பயம் பிடித்துக்கொண்டது. "சர்க்கரை காலைத் தின்னுடுச்சு. இனிமே எனக்கும் மெஷினுக்கும் தீர்ந்துச்சு" என்று சமையலறையில் நின்று அழுதார். கல்யாணமான நாளிலிருந்து திட்டு வாங்கியே பழகிய கணவர், முதல் தடவையாக அவரை அதட்டி, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் ஓர் இளம்பெண். அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தை மெல்லிய இழையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பிறகு சர்க்கரை மாத்திரையைப் பற்றி விசாரித்தார்.

"அது நல்ல மாத்திரைதாம்மா. ஆனா ரொம்ப வருஷம் போட்டா சிலருக்கு சாப்பாட்டுல இருக்கற பி12 வைட்டமின் உடம்புல சரியா சேராது. அதனாலயும் கால் மரத்துப்போகும், அசதி வரும். ரத்தத்துல பாத்துடலாம்."

"அப்ப மாத்திரையைத் தூக்கிப் போட்டுடவா?"

"தூக்கிப் போட்டீங்கன்னா உங்க வீட்டுக்கே வந்து சண்டை போடுவேன்."

அக்காவுக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

வைட்டமின் அடிமட்டத்தில்தான் இருந்தது. ஊசி போட ஆரம்பித்தார்கள். உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. "நரம்பு மெதுவாத்தான் எந்திரிக்கும், பாப்போம்மா" என்றார். அதுவரைக்கும் மோட்டாரைத் தொடக் கூடாது என்று மெக்கானிக் அதைக் கழற்றி எடுத்துப்போய்விட்டு, பரணில் கிடந்த கை மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினார். நிறுத்து என்றால் நிறுத்தினார். இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கும் மோட்டாரை அக்கா அதுவரை பார்த்ததில்லை. ராத்திரி சாப்பாட்டில் அவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைத்தார். நன்றியை வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மாதங்கள் ஓடின. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், ஒரு காலையில், ஒரு நிமிஷம்தானே என்று செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா துணித்துண்டுகளைப் பெருக்கினார்.

"ஆ!"

கணவர் ஓடிவந்தார். குதிகாலில் குண்டூசி. அதைப் பிடுங்கி, காயத்தைக் கழுவி மருந்து போட்டு, செருப்பு போடாததற்கு வண்டி வண்டியாகத் திட்டினார். அக்கா அதைக் காதிலேயே வாங்காமல் போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"தம்பி, குண்டூசி குத்திடுச்சுப்பா!"

"அய்யோ, எங்கக்கா?"

"கால்லதான்! வலிக்குதுப்பா. நல்லா வலிக்குது!" சொல்லும்போதே அவருக்கு அழுகை பொங்கிவிட்டது. "நீ நல்லா இருக்கணும்பா. அன்னிக்கும் ஸ்பிரிங்கை மாத்திட்டு நீ பாட்டுக்குப் போயிருந்தா..."



"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கக்கா" என்றார் மெக்கானிக். "சரின்னு சொன்னா சாயங்காலமே மோட்டாரோட வரேன்."