சபை நீக்கிய பத்தி

எங்கள் கிறிஸ்தவ சபையின் நூற்றாண்டு மலருக்குப் பெண்கள் ஐக்கியத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஓய்வுபெற்ற டீச்சர், நாலைந்து புத்தகமும் போட்டவள், அதனால் என்னைப் பிடித்தார்கள். நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவல்ல. என் அம்மாவும் அவள் கூட்டாளிகளும் ஒரு அசனத்தன்று செய்த காரியம் அச்சில் வர வேண்டும் என்று எனக்கு வெறி. அன்று அவளோடு நின்றவர்களில் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கும் எண்பது தாண்டிவிட்டது. இந்த மலரில் விட்டுப்போனால் அடுத்த மலருக்கு யார் இருக்கப்போகிறார்கள்?

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி வருஷந்தோறும் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை அசனம் என்போம். ஒன்றாக என்பது பேச்சுக்குத்தான். காய் நறுக்குவதும் தேங்காய் துருவுவதும் பெண்கள், முதல் பந்தியில் உட்காருவது ஆண்கள். பெண்களின் பந்தி வரும்போது அவியல் கிண்டிய பெரிய வார்ப்புப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதுதான் மிச்சம். அந்த வருஷம் பெண்கள் துருவிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். முதல் பந்தியில் எங்களுக்கும் இலை போட்டால்தான் தேங்காய் என்றார்கள். ஆண்கள் தாங்களே துருவிப் பார்த்தார்கள். தேங்காயோடு சிரட்டையும் சேர்ந்து வந்தது. பசி முற்றியதும் முதல் பந்தியில் பெண்களுக்கும் இலை விழுந்தது.

இதைத்தான் ஒரு பத்தியாக எழுதியிருந்தேன். இணையத்தில் எழுதும் கோப்பு. சபைச் செயலர் படித்து அச்சகத்துக்கு அனுப்ப வசதியாக அவருக்கும் திறந்துவிட்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பத்தியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரே வரி: 'அசனப் பணிகளில் பெண்களும் உற்சாகமாகப் பங்கெடுத்தனர்.' உற்சாகமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போனில் கேட்டேன். எழுத்துப் பிழை ஒன்றிரண்டைத் திருத்தியதோடு சரி என்றார். நான் முதலிலேயே அப்படித்தான் எழுதியிருப்பேனாம், வயசானால் மறதி வருமாம். வேலைக்காலம் முழுக்கப் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுக் காது பழுத்தவளிடம் சொல்கிற பொய்யா இது? அந்த அசனத்தை முன்னின்று நடத்தியவர் அவருடைய அப்பா என்பதும் எனக்குத் தெரியும்.

அவருக்குத்தான் ஒன்று தெரியவில்லை. அந்த மென்பொருள் எழுத எழுதத் தானாகவே சேமித்துக்கொண்டே போகும், பழைய பிரதிகளையும் தூக்கிப் போடாது. இரண்டு பிரதிகளை ஒப்பிடச் சொன்னால் போனது சிவப்பிலும் வந்தது பச்சையிலும் தெரியும். யாருடைய கணக்கிலிருந்து மாற்றியது என்பதும் பக்கத்திலேயே வரும். அடிக்கடி மின்சாரம் போய் எழுதியதைத் தொலைத்த எரிச்சலில் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஒப்பிட்டேன். என் பத்தி முழுவதும் சிவப்புக் கோடு விழுந்து கிடந்தது. நீக்கியவர் என்ற இடத்தில் 'சபை' என்று இருந்தது. மனுஷன் தன் சொந்தக் கணக்கில் நுழையவில்லை. ஆலய அலுவலகத்தில் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் கணக்கில் நுழைந்து காரியத்தை முடித்திருக்கிறார்.

பேசாமல் பழைய பிரதியை மீட்டுவைத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஒளித்து அழித்ததை நானும் ஏன் ஒளித்துத் திரும்ப வைக்க வேண்டும்? நாங்கள் என்ன திருடினோமா?

மலரின் கட்டுரைகளுக்கு ஒப்புதல் வாங்க, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் வைத்தார்கள். என் முறை வந்தபோது, பாட்டு வரிகளைக் காட்டும் திரையோடு என் மடிக்கணினியை இணைத்து, இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். நான் வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தத் திரையில் எது வந்தாலும் சேர்ந்து வாசித்துப் பழகிய ஜனம். சிவப்புப் பத்தியை முதல் வார்த்தையிலிருந்து வாய்விட்டு வாசித்தார்கள். சிரட்டை வந்த இடத்தில் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

செயலர் எழுந்தார். தாம் அழிக்கவில்லை என்று இந்தத் தடவை சொல்லவில்லை. திரையைக் கைகாட்டி, "பேரு போட்டிருக்கே டீச்சர், பாக்கல்லியா? இது சபை எடுத்த முடிவு. சபைக்க மானத்தையும் பாக்கணும்லா" என்றார்.

என் அம்மா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். அவள் மடியில் வளர்ந்த பிள்ளைகளில் செயலரும் ஒருவர்.

"ஏலே மக்கா, நானும் சபைதான். நான் ஒண்ணையும் அழிக்கல்லியே."

பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து தானும் அழிக்கவில்லை என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு ஆண்கள் பக்கத்திலும் ஒருவர் எழுந்து அதையே சொன்னார். போதகர் செயலரைப் பார்த்தார். செயலர் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோர் கண்ணெதிரிலும் பழைய பிரதியை மீட்டேன். கோடுகள் மறைந்து பத்தி கறுப்பெழுத்தில் வந்து நின்றது. எனக்கு அழுகையும் ஆங்காரமும் சேர்ந்து வந்தன. போதும், உட்காரும்மா என்று சைகை காட்டினேன். அவள் உட்காரவில்லை. அன்று துருவியைக் கீழே வைத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள், இருப்பவர்களும் போய்ச்சேர்ந்தவர்களுமாக. நான் தட்டத் தட்ட அவை திரையில் ஏறின. ஒவ்வொரு பெயரையும் சபை வாய்விட்டு வாசித்தது.