பத்தொன்பதாம் தேதி வந்த ஙௌயைஃ

என் போனை அம்மா, தம்பி, பக்கத்து வீட்டு அத்தை என்று உச்சிப்புளியில் பாதிப் பேர் திறந்து பார்ப்பார்கள். அதனால்தான் நானும் சிக்கல் ஊரில் இருக்கும் மாமா மகனும் சங்கேதத்தில் பேசினோம். ரெண்டு பேரும் ராமநாதபுரத்தில் ஒரே கணித வகுப்பு. அங்கே அவனை 'ஏலே' என்பேன், வீட்டில் 'மச்சான்'.

வகுப்பில் படித்த பெருக்கல் சங்கேதத்தைத் தமிழுக்கு மாற்றினோம். ஃ பூஜ்யம், அ ஒன்று, க் பதின்மூன்று என்று 247 எழுத்துக்கும் வரிசை எண். அன்றைய தேதியால் பெருக்கி, 247-ஐக் கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சும் எண்ணுக்குரிய எழுத்தை அனுப்பணும். 13, 19, 26 தேதிகளில் மட்டும் மூச்சுவிடக் கூடாது. 13-ஐ 19-ஆல் பெருக்கினால்தான் 247, 26-ம் பதின்மூன்றின் மடங்கு. பல எழுத்து ஒன்றாகிவிடும், திரும்பப் பிரிக்க முடியாது.

முதுகுளத்தூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. "அதுக்குள்ள மாமாவோட வந்து என்னையக் கேப்பியா, மாட்டியா?" என்று அனுப்பியிருந்தேன்.

பதில் வந்தது: ஙௌயைஃ.

தேதியைப் பார்த்தேன். பத்தொன்பது! அட லூசுப்பயலே, கல்யாண விஷயத்திலயா சொதப்புவ?

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். யாருக்குப் பொறுமை? பேனாவை எடுத்தேன். போடப் போடச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வரிசையில் ஒவ்வொரு மெய்க்கும் பதின்மூன்று எழுத்து. பத்தொன்பதால் பெருக்கினால் மெய் கரைந்துபோகும், உயிர் மட்டும் தங்கும்! ஙௌ வந்தால் முதல் எழுத்தில் ஆ, யை வந்தால் அடுத்ததில் ஏ, ஃ வந்தால் கடைசியில் புள்ளி. கா, சா, தா... வா! வாரேன்! மாட்டேன் என்றால் நடுவில் அந்த 'ட்'டுக்கு இன்னொரு ஃ விழுந்திருக்கும். இல்லை. போனைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன், இல்லவே இல்லை!

குதித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, முதுகுளத்தூர்க்காரகள வர வேணாம்னு சொல்லு. மச்சான் வாராகளாம்."

அம்மா போனை வாங்கி மேலும் கீழும் பார்த்தது. "இதுலயாடி சொல்லிருக்கான்?"

"ஆமா."

"கூறுகெட்டதுகளா!" என்றது. அடுத்த நொடி தன் அண்ணனுக்குப் போன் போட்டது. "அண்ணே, வாரீகளாமே. எம்புட்டுப் பேரு? கறி எடுக்கணும்ல."

"இந்தா கெளம்பிட்டோம் ஆத்தா!" என்று மாமா கத்தியது எனக்கே கேட்டது.

அம்மா அழுதுகொண்டே அரிசியை அளக்க ஆரம்பித்தது.