புண்ணின் ஓரம்

சிவசங்கரிக்கு ஈ பிடிக்கிற வேலை. தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளை ஆராய்ச்சிக்காரர்கள் வேலைக்கு எடுத்து, கையில் டார்ச்சும் கண்ணாடிக் குழாயும் கொடுத்து ஐந்து வருடமாகிறது. மாட்டுப்பட்டி ஊர்ப் பக்கம் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் மாட்டுக் கொட்டகைச் சுவர்களைத் துழாவி, கொசுவில் பாதிகூட இல்லாத மணல் ஈயை உறிஞ்சிப் பிடிப்பாள். சில ஈக்கள் கடித்தால் ஒட்டுண்ணி ஒன்று உடம்பில் இறங்கி ஆறாத புண்ணாகும் என்று பயிற்சியில் படம் காட்டியிருந்தார்கள்.

அந்தப் படத்தைத்தான் ஈஸ்வரனின் கன்னத்தில் பார்த்தாள். தேயிலை பேக்டரியில் வேலை செய்கிறவன். நாலு மாதப் புண். லயம் முழுக்கக் குஷ்டம் என்று பேச்சு. அவன் மனைவி ஆர்த்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இது குஷ்டமில்ல தம்பி, எங்கூட வா" என்று அவனை ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மலையாளி ஆராய்ச்சியாளர் ஜின்சன் புண்ணைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணும் காணல சேச்சி."

"அப்ப ஊரு சொல்றது சரிதானக்கா" என்றான் ஈஸ்வரன், தணிந்த குரலில். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் அப்படியே டேம் பக்கம் போறேன். யாரும் தேட வேணாம்."

 சிவசங்கரி ஓடிப்போய் வாசலை மறித்து நின்றாள். பத்தாம் வகுப்பு தாண்டாதவள். ஆனாலும் சொல்லிவிட்டாள்:

"சார், நீங்க நடுவுல சொரண்டுனீங்க. ஓரத்துல எடுக்கணும்னுதான பயிற்சியில சொன்னாங்க?"

ஜின்சனின் முகம் சிவந்தது.  அவர் புதுப் பிளேடு ஒன்றைப் பிரித்தார். ஓரத்தைச் சுரண்டும்போது ஈஸ்வரன் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தான். தகட்டில் ஊற்றிய சாயம் காயும்வரை அவள் மறுபடி வாசலை மறித்தே நின்றாள்.

"சேச்சி, இங்க வந்து நோக்குங்க."

குனிந்து பார்த்தாள். ஒரு செல்லுக்குள் கேழ்வரகு கொட்டியதுபோல ஊதாப் புள்ளிகள்.

"குஷ்டமில்ல தம்பி. ஈக்கடி. மருந்து இருக்கு" என்றாள். ஈஸ்வரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

புண்ணிலேயே ஊசி போட்டார்கள். இரண்டு மாதத்தில் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. ஆர்த்தி திரும்பி வந்தாள். இருவரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

ஆய்வகத்துக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறு முதலே சிவசங்கரி வீடு வீடாகப் போனாள். "ஆறாத புண்ணு யாருக்காச்சும் இருக்கா?" இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டுக்காரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிக் காட்டினாள்.