கந்தப்பளை ஷாமிலாவின் நீலத் திரை

2003 செப்டம்பர் 14: பழைய கணினி, 28,500 ரூபாய்.
2003 நவம்பர் 3: மெமரி, 2,400 ரூபாய்.
2003 டிசம்பர் 9: விண்டோஸ் புதிதாகப் போட்ட கூலி, 1,000 ரூபாய்.
2004 ஜனவரி 12: பவர் சப்ளை, 1,850 ரூபாய்.

இவ்வளவும் செலவழித்த பிறகும் ஷாமிலாவின் கணினி நீலமாவதை விட்டபாடில்லை. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை முழுவதும் நீலம் பரவும். வெள்ளை எழுத்தில் ஆங்கிலம் நாலு வரி வரும். சேமிக்காத பக்கம் போனது போனதுதான்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. கொழும்பில் புடவைக்கடையொன்றில் மூன்று வருடம் நின்று சேர்த்த காசில் அந்தக் கணினியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தாள். முதலாம் தவணை வினாத்தாள்களைத் தட்டச்சு செய்யும் வேலையைப் பாடசாலை அதிபர் அவளிடம் ஒப்படைத்திருந்தார். மார்ச் நடுவுக்குள் ஒழுங்காகக் கொடுத்தால் இனி எல்லாத் தவணையும் அவளுக்கே. இல்லாவிட்டால் மறுபடியும் புடவைக்கடைதான். வேலை காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டுக் கடை முதலாளி இரண்டு கடிதம் போட்டுவிட்டார்.

“என்னா புள்ள, கொழும்புக்குப் பெட்டி கட்டவா?” என்று பக்கத்து வீட்டு ராக்காயி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்டாள். ஷாமிலா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பனி மூடிய நாட்களில்தான் தொல்லை கூடியது. ஈரம் உள்ளே இறங்குகிறது என்று அவள் நினைத்தாள். அம்மா அழகம்மாவும் அப்படியே நினைத்தாள். கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் கம்பளிகளில் இரண்டு அம்மாவிடம் இருந்தன. கணினி வீட்டுக்கு வந்ததிலிருந்தே, பனி இறங்கும் நாளெல்லாம் நல்லதை மேசைக்கடியில் இருந்த கணினிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, கிழிந்ததைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள்.

பெட்டியை அதே கம்பளியில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி, நுவரெலியாவில் கணினி திருத்தும் சுகிர்தனிடம் கொண்டுபோனாள் ஷாமிலா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கம்பளியைப் பிரித்துவைத்து இரண்டு நாள் ஓடவிட்டார். ஒரு தடவைகூட நீலம் வரவில்லை.

“இஞ்ச ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. உங்கட வீட்டிலதான் என்னவோ கிடக்கு. ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்திப் பாருங்கோ” என்றார். கூலி வாங்கவில்லை.

அவள் அப்படியே செய்தாள். தேயிலைத் தொழிற்சாலை மெஷின் ஓடும்போது மின்சாரம் இறங்குகிறதோ என்று பார்த்தாள். தொழிற்சாலை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமையும் நீலம் வந்தது. வயரை மாற்றினாள், வந்தது. பெட்டியைச் சுவரோரத்து ஈரத்திலிருந்து தள்ளி வைத்தாள், அப்போதும் வந்தது.

மார்ச் முதல் வாரம், முற்றம் தெரியாத பனி. எட்டாம் தர விஞ்ஞானத் தாளின் பாதியில் திரை நீலமானது. பட்டனை அமுக்கக் கம்பளிக்குள் கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய ஆப்பச்சட்டி மாதிரிச் சுட்டது. உள்ளங்கையை ஊதிக்கொண்டாள். பிறகு கம்பளியை உருவி எறிந்தாள்.

மறுநாள் இன்னும் குளிர். வெறும் பெட்டி காலையிலிருந்து இருட்டும்வரை நிற்காமல் ஓடியது. அப்போதும் அவளுக்குத் திருப்தியில்லை. வேலை விட்டு வந்த அம்மாவின் கண்ணெதிரே கம்பளியை எடுத்துத் திரும்பவும் போர்த்தினாள்.

“இப்பத்தானே நல்லா ஓடுதுன்னு சொன்ன?”

“இதாலதான்னு நிச்சயமாத் தெரியணும்மா.”

அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்து முடிக்குமுன்னே நீலம் வந்துவிட்டது. ஷாமிலா கைதட்டிச் சிரித்தாள். அழகம்மாவின் முகம்தான் சுண்டிப்போனது.

“பனி இறங்குதே, அதுக்கும் குளிருமேன்னுதான் போத்துனேன்.”

“எனக்கும் அப்படித்தாம்மா தோணுச்சு. அது மூச்சு விட எடமில்லாம வெந்துபோயிருக்கு. நாளையிலேருந்து நல்ல கம்பளிய நீங்க போட்டுக்கிட்டுப் போங்க.”

ஒரு வாரத்தில் வினாத்தாள்கள் அத்தனையும் முடிந்தன. அதிபர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாம் தவணைக்குரிய கையெழுத்துப் பிரதிகள் மே மாதம் வந்து சேரும் என்றார். செய்தி கேட்ட சுகிர்தன், இனிப் பெட்டியோடு யார் வந்தாலும் வீட்டில் எதைக்கொண்டு மூடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன் என்றார்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் ராக்காயி விடவில்லை. “மெசினுக்குக் காய்ச்சல்னு கண்டுபுடிச்சிருக்காளாமே ஒம்மக.”

“ஆமா,” என்றாள் அழகம்மா, நல்ல கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு. “டவுன்ல ரெண்டு நாள் வச்சுப் பாத்தும் புடிபடாத காய்ச்சல்.”

கடை முதலாளிக்கு வரமுடியாதென்று ஷாமிலா கணினியிலேயே கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினாள். வேறு ஆளைப் போட்டாயிற்று என்று அவர் எழுதிய கடைசிக் கடிதம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது 2004 ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை.