எலுமிச்சை சோப்பை யாரும் எண்ணவில்லை

திருடினாளாம்! யார் பார்த்தது? கீழ்வீட்டுக்காரி பார்த்தாளா? என் மருமகள் பெரிய கடையில் பில் போடுகிறவள். ஒன்பது வருஷமாக மூன்றாம் நம்பர் கவுண்டரில் நிற்கிறாள். அவள் கை எப்படிப்பட்டது என்று அவளோடு ஒரே அடுப்படியில் புழங்குகிற எனக்குத் தெரியுமா, மாடிப்படியில் உட்கார்ந்து காதைக் கடிக்கிறவர்களுக்குத் தெரியுமா?

எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் அவள் கட்டைவிரல் தானாகப் போய் அந்தக் கறுப்புக் கோடுகளைத் தேடும். வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பும்போது, "பை இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். "அப்படியே எங்கம்மாவுக்கும் ஒரு பில்லைப் போட்டு அனுப்பிடு" என்பான் என் மகன். வேலை நாளில் மதியம்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கவுண்டர் விளக்கைப் போட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் வரிசை வாசலைத் தொட்டுவிடும். நிமிஷத்துக்கு எத்தனை சாமான் ஓடியது என்று அந்த மெஷினே பார்த்துக்கொண்டிருக்கிறது. குறைந்தால் அவள் நம்பர் சாப்பாட்டு அறைச் சுவரில் சிவப்பில் ஏறும்.

"பத்து பேர் வரிசையில நின்னா, பத்து பேரும் என் முதுகுல ஏறி நிக்கிற மாதிரி இருக்கு அத்தை" என்பாள்.

அந்த வேகத்துக்காக அங்கே எல்லோரும் செய்கிற ஒரு வேலை உண்டு. ஒரே மாதிரி ஆறு சோப்பு வந்தால், ஒன்றை மட்டும் மெஷினுக்குக் காட்டி ஆறு என்று அடித்துவிடுவார்கள். இவளும் அடித்தாள். அது மட்டும்தான் இவள் செய்த தப்பு. அந்தச் சோப்பில் ரோஜா உண்டு, எலுமிச்சை உண்டு. விலை ஒன்று, உறையும் ஏறக்குறைய ஒன்று. ஜனங்கள் கலந்துதான் அள்ளிக்கொண்டு வருவார்கள். எலுமிச்சையைக் காட்டி ஆறு அடித்தால், கூடப் போன ரோஜாவை மெஷின் எப்படி அறியும்?

சரக்கு எண்ணியபோது நாற்பது ரோஜா சோப்பைக் காணோம். அந்த அலமாரி இவள் கவுண்டருக்குப் பக்கத்தில். போதாதா? நான்கு நாள் வீட்டில் இரு, அப்புறம் விசாரிக்கிறோம் என்றார்கள்.

அந்த நான்கு நாளும் மடித்த துணியையே மடித்தாள். போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பாள்; அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். தட்டில் போட்டது போட்டபடி கிடக்கும். மூன்றாம் நாள் குளிக்கப் போனவள் ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"அத்தை! ரோஜா குறைஞ்சா, கணக்கைவிட எலுமிச்சை கூடியிருக்கணுமே! அதை எண்ணச் சொல்றேன். நம்புவாங்களா?"

"நம்புறது அவங்க பாடு. நீ சொல்லு."

விசாரணைக்கு நானும் கிளம்பினேன். "நீங்க எதுக்கு அத்தை? வெயில்ல..." என்றாள். "கடையில ஒரு தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறேன், நட" என்றேன். நின்றேன். கால் மரத்துப்போகிறவரை நின்றேன்.

மேனேஜர் அறையிலிருந்து வந்தவள் நேராக என் தள்ளுவண்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"எலுமிச்சையை எண்ணுங்க சார்னு மூணு தடவை சொன்னேன். காதுலயே வாங்கலை. நான்தான் எடுத்தேன்னு எழுதிக் குடுத்தா வேலை இருக்குமாம். இல்லன்னா இன்னியோட சரியாம்."

"எழுதினியா?"

"இல்ல அத்தை."

"அப்போ வா."

வேலையாட்களின் பையைச் சோதிக்கிற காவலாளி வாசலில் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "நீ போம்மா" என்றார்.

இவள் போகவில்லை. பையை அவர் மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். சீப்பு, தைலக் குப்பி, சாப்பாட்டு டப்பா, என் கண் மருந்து எல்லாம் உருண்டன. டப்பாவையும் திறந்து வைத்தாள். "பாருங்கண்ணே" என்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலேயே அணைத்துக்கொண்டு, காலிப் பையின் உள்துணியை வெளியே இழுத்துவிட்டு, அது அப்படியே தொங்கத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.